பல் பிரிவுக்குக் காற்று வேண்டி

அனுப்புநர்:
அறிவிப்பாளர்,
விசாரணை அறை,
மத்தியப் பேருந்து நிலையம்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசுப் பொது மருத்துவமனை.

பொருள்: பல் பிரிவின் காற்றுப் பம்ப் வாகனக் கொட்டகைக்குப் போய்விட்டதால் என் முன்பல் சிகிச்சை பாதியில் நிற்பது குறித்தும், அதனால் பேருந்துகள் நேரம் வருமுன்பே புறப்படுவது குறித்தும்.

பார்வை: எனது வெளிநோயாளிச் சீட்டு (தேநீர் பட்டிருப்பினும் படிக்கும் நிலையில் உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வழியே பேருந்துகளின் வருகையையும் புறப்பாட்டையும் அறிவிப்பது என் வேலை. என் முகத்தை அறிந்தவர் சிலரே. குரலை ஊரே அறியும். காய்கறிக் கடையில் நான் விலை கேட்டால், பக்கத்தில் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிடுவார்கள்.

2. விசாரணை ஜன்னலின் தூக்குக் கதவு ஒரு நாள் கொக்கி நழுவி என் வாயின் மேல் விழுந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக முறிந்தது. தங்கள் மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஓடிவந்தேன். அப்போதிருந்த பெண் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லின் உள்ளிருந்த நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்து, முன்னால் ஒரு தற்காலிகப் பல்லையும் ஒட்டினார். வலி தெரியவில்லை. அவர் பேரில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. “இது சும்மா ஒப்புக்கு வச்ச பல்லும்மா. பேசுங்க, சிரிங்க, கடிக்க மட்டும் கடிக்காதீங்க. அடுத்த வாரம் வந்தீங்கன்னா வேரை அடைச்சு, மேல கேப் போட்டு முடிச்சிடலாம்” என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் நான் வந்தேன். அவர்தான் இல்லை, மாற்றலாகிப் போயிருந்தார்; அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.

3. ஒப்புக்கு வைத்த பல் தன் கடமையை அதற்குமேல் நீட்டிக்க விரும்பவில்லை. காலை நெரிசலில், அறிவிப்பின் நடுவிலேயே, அது கழன்று ஒலிவாங்கியின் மேல் விழுந்தது. ‘டக்’ என்ற சத்தம் எல்லா நடைமேடைகளிலும் கேட்டது.

4. இதன் பின்விளைவைச் சற்று விளக்க வேண்டியுள்ளது. முன்பல் இருந்த இடம் சந்தாகிவிட்டதால், ‘ச’ வரும் இடமெல்லாம் என் வாயிலிருந்து விசில் வருகிறது. லேசான விசில் அல்ல. நடத்துநர் விசிலுக்குச் சற்றும் குறையாதது. ஒரு விசில் கேட்டால் நிறுத்துவதும், இரண்டு கேட்டால் புறப்படுவதும் ஓட்டுநர்களின் பழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். “சந்தை வழி செல்லும் பேருந்து” என்பதில் எத்தனை ‘ச’ இருக்கிறது என்று தாங்களே ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டுகிறேன். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். பின்னால் நடத்துநர் கையில் டீ டம்ளரோடு ஓடுவார்.

5. என்னால் இயன்ற மாற்று ஏற்பாடுகளை நான் செய்யாமல் இல்லை. முதலில் ‘ச’ இல்லாமலே பேசிப் பார்த்தேன். சந்தையைக் “காய்கறி விற்கும் இடம்” என்றும், சிறைச்சாலையைக் “குற்றவாளிகள் இருக்கும் பெரிய வீடு” என்றும் அறிவித்தேன். நிலைய மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்து, “இது அறிவிப்பா, விடுகதையாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து என் கணவர் முயன்றார். அவர் தையல்காரர்; கிழிந்தது எதுவானாலும் ஒட்டுப்போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை உடையவர். மெழுகுவர்த்தியைச் செதுக்கி ஒரு பல் செய்து தந்தார். பார்க்க அசல் பல்லைவிட அழகாகவே இருந்தது. முதல் வாய் காபியிலேயே உருகிவிட்டது. சட்டைப் பொத்தானைப் பொருத்தலாம் என்று அவர் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை.

6. ஐயா, அதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வங்கி ஒன்றில் தொலைபேசிப் பணியில் இருக்கும் பார்வையற்ற அன்பர் ஒருவர் எங்கள் நிலையத்தின் அன்றாடப் பயணி. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. என் அறிவிப்பைக் கேட்டு நடப்பார். சென்ற வாரம் அவர் ஒரு காலைப் படியில் வைத்தபோது நான் அறிவித்தேன். வண்டி நகர்ந்தது. நடத்துநர் பாய்ந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டதால் ஒரு செருப்பு மட்டும் வெளியே தங்கியது. மறுநாள் அவர் ஜன்னலுக்கு வந்து கோபமே இல்லாமல் சொன்னார்: “உங்க குரலை நம்பித்தாம்மா நான் காலை எடுத்து வைக்கிறேன். உடம்பு சரியில்லன்னா ரெண்டு நாள் லீவு போடுங்க.” அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று அறிவிப்புக்கு நடுவே பலமுறை ஒலிவாங்கியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

7. இதற்கிடையே, மாத இறுதிக்குள் என் பேச்சு சீராகாவிட்டால் பதிவு செய்த குரலை வைத்துவிடுவதாகவும், எனக்குக் கழிப்பறைக் கட்டண மேசையில் இடம் தருவதாகவும் மேலாளர் அன்போடு தெரிவித்துள்ளார். அங்கும் “சில்லறை” என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

8. எனவே நேற்று மறுபடி பல் பிரிவுக்கு வந்தேன். புதிய மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. வாயைத் திறந்து பார்த்தவர், வேர் இன்னும் நன்றாக இருக்கிறது, அடைத்துவிட்டுக் கேப் போட்டால் பழையபடி பேசலாம், ஆனால் இப்படியே திறந்து கிடந்தால் சீழ் வைத்து அதையும் எடுக்க வேண்டிவரும் என்றார். சரி, இன்றே முடித்துவிடுங்கள் என்றேன். அவர் தரையைப் பார்த்தார். “பல்லுல வேலை பாக்குற மெஷின் காத்துலதான்மா ஓடுது. காத்தடிக்கிற பம்பு இங்க இல்ல. இப்போதைக்கு என்னால புடுங்க முடியும், மாத்திரை தர முடியும், எப்படிப் பல் தேய்க்கணும்னு சொல்லித்தர முடியும்.” அடைக்க வேண்டிய பல்லோடு வருகிறவர்களும் பிடுங்கிக்கொண்டு போக நேர்வதாகவும், பலமுறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை என்றும் சொன்னார். பிறகு, வந்ததற்காகப் பல் தேய்க்கும் முறையைச் சொல்லித்தந்தார். நான் இதுநாள்வரை குறுக்கே தேய்த்துவந்தது தவறாம்.

9. திரும்பும் வழியில் வாகனக் கொட்டகையைக் கடந்தபோது ஒரு பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் பெரிய எழுத்தில் ‘பல் பிரிவு’ என்று எழுதியிருந்தது. அவசர ஊர்தியின் ஓட்டுநர் அதைக்கொண்டு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் விசாரித்தேன். “பல்லு எங்கயும் ஓடிடாதுக்கா. வண்டி ஓடணும்ல?” என்றார். போதாக்குறைக்கு நான் ஓட்டி வந்திருந்த என் கணவரின் சைக்கிளுக்கும் இலவசமாகக் காற்றடித்துக் கொடுத்துவிட்டார். வீடு வந்த பிறகுதான் பதில் தோன்றியது: டயர் பெட்ரோல் பங்க்குக்குப் போய்க் காற்றடித்துக்கொள்ளலாம். நோயாளிகள் அங்கே போய் வாயைத் திறந்துகொண்டு நிற்க முடியாது.

10. இவ்வளவும் என் ஒருத்தியின் குறையாக இருந்திருந்தால் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருப்பேன். எழுத்தில் தரக் காரணம், நேற்று அந்த மருத்துவரின் அறைக்குள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரிக் கடைக்காரப் பெண்ணும் அவருடைய மகளும். சிறுமிக்கு ஏழு வயதிருக்கும். கீழ்க் கடைவாயில் சொத்தை; கன்னத்தைக் கையால் தாங்கியபடியே இருந்தாள். “பால் பல்லுதானே சார், புடுங்கிடுங்க. மறுபடி முளைச்சுக்கும்” என்றார் தாய். எடுத்த குறடை மருத்துவர் தட்டில் வைத்துவிட்டார். “இது பால் பல் இல்லம்மா. ஆறு வயசுல பின்னாடி புதுசா வர்றது. இது போனா வேற வராது” என்றார். தாய் மகளின் கன்னத்தின் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். மருத்துவர் சொத்தையைக் கையாலேயே சுரண்டி, மருந்து வைத்து மூடி, வரும் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். அதற்குள் மெஷின் ஓடினால் நல்லபடி அடைத்துவிடலாம், வலி உள்ளே இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

11. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: பம்பை வாகனக் கொட்டகையிலிருந்து பல் பிரிவுக்கு உடனே திருப்பித் தர வேண்டும். ஓட்டுநரைத் தண்டிக்க வேண்டாம். அவருக்குத் தனியே ஒரு பம்ப் வாங்கிக் கொடுத்தால் போதும். பல் மருத்துவர் எவரையும் மாற்றும்போது, பாதியில் திறந்து கிடக்கும் வாய்களை மூடிவிட்டுப் போக அவகாசம் தர வேண்டும்.

12. பம்ப் வந்து சேர்ந்ததும் யாரை முதலில் நாற்காலியில் உட்காரவைப்பது என்ற கேள்வி எழலாம். வரிசைப்படி என் சீட்டுத்தான் பழையது. என் இடத்தை அந்தச் சிறுமிக்கு விட்டுத்தருகிறேன். வெள்ளிக்கிழமை காலை அவள் வருவாள். அவளுடைய தாய் அன்று கடை திறக்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கட்டும், ஐயா.

இடம்: பேருந்து நிலைய விசாரணை அறை
நாள்: இம்மாதம் பதினாறு, செவ்வாய்

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
அறிவிப்பாளர்

இணைப்பு: வெளிநோயாளிச் சீட்டின் நகல். கழன்ற தற்காலிகப் பல் என் வசம் பத்திரமாக உள்ளது. தேவைப்படின் நேரில் காட்டப்படும்.