காய்ச்சல் விட்ட மறுநாள்

அன்பு அப்பா,

உங்கள் பெண் ஆய்வை முடித்துவிட்டாள். போன வாரம் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கை குலுக்கினார், எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். என் பங்கை நான் அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

"என்ற புள்ள ரத்தக்குழாய்க்குக் கணக்குப் போடறா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்களே, அந்தக் கணக்குதான். ரத்தக்குழாயின் உட்சுவரில் செல்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. அவற்றின் நடுவே மயிரிழையைவிட மிக மெல்லிய இடுக்குகள். அவற்றின் வழியே நீர் எவ்வளவு கசியும் என்று சமன்பாடு எழுதுவதுதான் என் வேலை. வரப்பில் நண்டு வளை மாதிரியா என்று கேட்டீர்கள். அதேதான் என்றேன். இடுக்கின் அகலம் இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும் என்றபோது மட்டும் நம்பவில்லை. மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள்.

டெங்குக் காய்ச்சலில் அந்த இடுக்குகள் அகலமாகி, ரத்தத்திலுள்ள நீர் வெளியே கசிந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். உடம்பு கொதிக்கும்போது அல்ல, பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில். ஓரிரண்டு நாள் உடம்பு தாங்கிவிட்டால் இடுக்குகள் மூடிக்கொள்ளும். இதை என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன் அப்பா. நீங்கள் போன் செய்வதற்குச் சில மாதங்கள் முன்பே எழுதியாயிற்று.

அன்று காலை உங்கள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. முந்தின நாளே டெங்குக் காய்ச்சல் விட்டதால் அம்மா வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றினார், ரசம் சோறு சாப்பிட்டேன் என்றீர்கள்.

"டாக்டரு இன்னைக்கும் ரத்தம் பாக்க வரச் சொன்னாரு. காய்ச்சல்தான் உட்டுப்போச்சே அம்மிணி. நீ சொல்லு, ஆசுபத்திரிக்குப் போறதா, வேலந்தாவளம் சந்தைக்குப் போறதா?"

சந்தைக்கு வரும் ஒரு மாட்டின் மேல் உங்களுக்குக் கண். விட்டால் வேறு யாராவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அவசரம் உங்களுக்கு. நான் கணினியில் ஏதோ பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சல் உட்டுப்போச்சுன்னா பயமில்லீங்கப்பா. சந்தைக்கே போயிட்டு வாங்க" என்றேன்.

மருத்துவர் சொல்லைவிட என் சொல் உங்களுக்குப் பெரிது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நொடி யோசிக்காமல் எப்படிச் சொன்னேன்? எழுதியவள் ஒருத்தி, போனில் பேசியவள் இன்னொருத்தியா?

சந்தையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். கை கால் சில்லிட்டுப் போனதாம். பாலக்காட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது உங்களை வீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

தலைக்கு ஊற்றியதால்தான் நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஊர் பேசுகிறது. உங்கள் தங்கையான அத்தையும் வரும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறார். அம்மாவும் அதை நம்பிவிட்டார். வெந்நீர் வைத்த அண்டாவைப் பரணில் ஏற்றிவிட்டார். குளித்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொன்னால், மகள் தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் போனில் பேசியபோது அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். நான் சொன்னது அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது அப்பா. பழியை அம்மா சுமக்க, பட்டத்தை நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நேற்று ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். உங்கள் பெயர் போட்ட பக்கம் எது என்று கேட்டு, அதைத் தடவிப் பார்த்தார்.

"இதுல அவருக்கு என்னாச்சுன்னு எழுதியிருக்குதா கண்ணு?"

"வெறும் கணக்குங்கம்மா" என்றேன். தலையாட்டிவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்.

நாளைக் காலை அதைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்காரப்போகிறேன். முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்வேன். அதற்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்ப்பாரா? தெரியவில்லை. நீங்கள் இருந்தால் எனக்காகப் பரிந்து பேசுவீர்கள். வேண்டாம் அப்பா.

பின்வாங்கிவிடக் கூடாது என்றுதான் அத்தையையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் போனது அம்மா ஊற்றிய தண்ணீரால் இல்லை, நான் சொன்ன சொல்லால் என்று அத்தை எதிரிலேயே சொல்வேன். சொல்லிவிட்டு அந்த அண்டாவை நானே கீழே இறக்கிவைப்பேன். இது சத்தியம்.

சந்தைக்குப் போகச் சொன்ன,
உங்கள் அம்மிணி