உலர்த்தும் அலமாரியில் முள்ளெலி

பிப்ரவரி 3, குவோப்பியோ, பின்லாந்து

"மூக்குச் சிந்தத் தெரியாத பிள்ளைங்ககிட்ட, கருவி எப்படி இருக்கணும்னு கேட்டா என்ன சொல்லும்?" சம்ப்சா போன மாதம் கேட்டது. பிள்ளைகளுக்கான கருவிகள் செய்கிற இளைஞன். நான் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்த மழலையர் பள்ளியில்தான் அவன் சோதனை. துணைக்கு, ஓய்வில் இருந்த என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

பிப்ரவரி 5

கருவி வந்தது. முள்ளெலிப் பொம்மை, வயிற்றில் மைக். அழுகிற குரல் கேட்டால், "என்ன ஆச்சு, சொல்லு" என்று தானே பேசும்.

நாலு வயதுக்காரர்கள் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். சம்ப்சா கேட்டான்: சிவப்பா இருக்கட்டுமா? "ஆமா." நீலமா? "ஆமா." பாடணுமா? "ஆமா." வெய்க்கா மட்டும், "சாப்பாடு எப்போ?" என்றான். ஹில்லா வாயே திறக்கவில்லை.

நாம் ஆவலாகக் கேட்டால், நம்மைச் சந்தோஷப்படுத்தத்தான் இந்த 'ஆமா' எல்லாம். சம்ப்சாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 10

மைனஸ் பதினெட்டு டிகிரி. வழக்கம்போல வெளியேதான் விளையாட்டு. என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

பிப்ரவரி 12

"கோவிச்சுக்காதீங்க ரைலி. வெள்ளி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் ஏழு வயசுப் பிள்ளைங்ககிட்ட போயிடுறேன். அவங்களாவது வாயத் திறப்பாங்க," என்றான் சம்ப்சா.

"பொம்மை இவங்ககூடத்தானேப்பா இருக்கப்போகுது?"

தோளைக் குலுக்கினான்.

பிப்ரவரி 13

காலையிலிருந்து பொம்மையைக் காணோம். வெளியே விளையாடி வந்தபின், ஈரக் கையுறைகளைக் காயவைக்க சூடான காற்றில் உலர்த்தும் அலமாரியைத் திறந்தேன். உள்ளே, ஒரு கம்பளித் தொப்பிக்குள் முள்ளெலி. சூட்டில் பசை இளகி மூக்கு தொங்கியது.

"பாத்தீங்களா? மூணு மாச வேலை," என்றான் சம்ப்சா.

யாருடா பண்ணினது என்று கேட்க எனக்கும் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "மூக்கு சூடா இருக்கே," என்றேன், யாரையும் பார்க்காமல்.

ஹில்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குளிர்காலத்துல முள்ளெலி தூங்கணும், ரைலி. இது பேசிக்கிட்டே இருக்கு. நான் அழுதா, முடிக்கவே விட மாட்டேங்குது."

"அப்போ எப்ப எழுப்பலாம்?"

"நான் எழுப்புறப்போ."

சம்ப்சா முள்ளெலியைத் திரும்பத் தொப்பிக்குள் வைத்தான்.

பிப்ரவரி 14

வெள்ளி. சம்ப்சா ஏழு வயதுக்காரர்களிடம் போகவில்லை. தன் பழைய தொப்பிகள் நாலைக் கொண்டுவந்து தரையில் கொட்டினான்; முள்ளெலி தூங்கவாம்.

ஏப்ரல் 9

புது முள்ளெலி. தொப்பிக்குள் வைத்தால் காதும் வாயும் அடங்கிவிடும். எடுத்தால்தான் விழிக்கும்.

இன்று ஹில்லாவின் பனிச் சறுக்குப்பலகையை வெய்க்கா பிடுங்கிக்கொண்டான். அவள் அழுதாள். பொம்மை பக்கத்திலேயே, தொப்பிக்குள் தூங்கியது. அழுது முடித்தாள். மூக்கைக் கையுறையில் துடைத்தாள். பிறகு பொம்மையை வெளியே எடுத்து, "இப்பக் கேளு," என்றாள்.

சம்ப்சா அடுத்து மூன்று வயதுக்காரர்களிடம் போகிறானாம். "எப்படி ஆரம்பிக்கணும்னு ஒரு வரி எழுதித் தாங்க ரைலி."

எழுதிக் கொடுத்தேன்: செய்த பொருளைத் தரையில் வை, பத்து நிமிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று மட்டும் பார்.