ஏழுமலைக்கு ஒரு செல்லப் பெயர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் ஷட்டில் பஸ் சில்க் போர்டு சிக்னலில் நாற்பது நிமிடம் நின்றது. வைட்ஃபீல்ட் ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் பி பிளாக் லிஃப்ட் நின்றிருந்தது. பத்தரைக்குச் சரி செய்தாயிற்று.

மதியம் அரை நாள் லீவு. குழந்தையின் பர்த் சர்ட்டிபிகேட் வாங்கினேன். பெயர்: ஏழுமலை. தந்தை பெயர்: குமார். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இதே இரண்டு பெயர்களும் இடம் மாறி இருக்கும். பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. மூன்று ஜெராக்ஸ் எடுத்தேன்.

அப்பா போய் ஐந்து மாதம். மகன் பிறந்து மூன்று மாதம். பதினாறாம் நாள் காரியத்திலேயே அக்கா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள், பையன் பிறந்தால் அப்பா பெயர்தான் என்று. யாரும் மறுக்கவில்லை. நானும்.

சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு திவ்யா: "பேப்பர்ல இருக்கட்டுங்க. நான் எப்படி மாமா பேரச் சொல்லிக் கூப்பிடறது? நாளைக்குத் திட்டணும்னா என்ன பண்ணுவேன்?"

நியாயம்தான். வீட்டில் கூப்பிட ஒரு பெயர் வேண்டும். அடுத்த வியாழன் மூன்றாவது தடுப்பூசி. அது முடிந்ததும் ஒரு மாதம் ஓசூரில் அவள் அம்மா வீடு. அதற்குள் முடிவு செய்ய வேண்டுமாம்.

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. ஜெனரேட்டர் சர்வீஸ். கேன்டீனில் புளிசாதம், உப்பு இல்லை.

திவ்யா ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் பட்டியல்:
எழில்
யுவி
சோனு
வேலு (எதிர் வீட்டு மெக்கானிக்கும் வேலு. கூப்பிட்டால் அவர் வருவார்)
பப்லு

என் பங்குக்கு ஒன்று எழுதச் சொன்னாள். பேனாவை எடுத்தேன். அப்பா லாரிக்கு பெயின்ட் அடித்த ஒர்க்‌ஷாப்பில் அவரை "மலை" என்பார்கள். ஆள் நாற்பத்தெட்டு கிலோ. எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டேன்.

வீட்டு ஓனர் அம்மா படிக்கட்டில் நின்று, குழந்தை தூங்கிவிட்டானா என்று கேட்டார், "சின்னு மலகிதானா?" என்று உரக்க. "மலகிதானே ஆன்ட்டி" என்றாள் தி. அந்தச் சத்தத்தில் எழுந்துவிட்டான்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். அக்கா சந்தாபுராவிலிருந்து வந்தாள். கோழி வாங்கினேன். வந்ததும் பட்டியலைப் படித்தாள்.

"இன்னாடா இது, சோனு, பப்லு? நாய்க்குட்டிக்கு வெக்கிறா மாதிரி."

தி. முகம் சுருங்கிவிட்டது. அக்காவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அப்பாவைக் கூப்பிட்ட மாதிரியே குழந்தையையும் நைனா என்கிறாள். மரியாதை வேறு. "நைனா, பால் குடிச்சீங்களா? இன்னாத்துக்கு அழுவுறீங்க நைனா?" கொஞ்சிக்கொண்டே அழுகிறாள், அழுதுகொண்டே மசாலா அரைக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாப்பிடும்போது வழக்கம்போல தி.யிடம் சொன்னாள்: "கடைசில இவன் கையப் புடிச்சிக்கினேதான் நைனா போச்சு. அந்தப் புண்ணியம் இவனுக்குத்தான்."

நான் ரசம் கேட்டேன்.

அக்கா போன பிறகு தி.: "நீங்க இன்னும் ஒரு தடவகூட அவனக் கூப்பிடல, தெரியுமா? எந்தப் பேரும் சொல்லி."

யோசித்துப் பார்த்தேன். உண்மை. மூன்று மாதமாக "அவன்", "இவன்", "எழுந்துட்டான் பாரு".

ஜூலை 15, செவ்வாய்

மேகமூட்டம். இடது செருப்பு அறுந்தது. தைக்க வேண்டும்.

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை.

நான் கையைப் பிடிக்கவில்லை. வார்டில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பி பிளாக் லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று ஆபீஸிலிருந்து போன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே போய் நின்று, எந்தச் சாவி, எந்த சுவிட்ச் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம். அவர்கள் இரண்டு பேரும் நல்லபடியாக வெளியே வந்தார்கள். நான் மேலே போனேன்.

பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார்: "மூணு தடவ கூப்ட்டாங்க சார். ஏழுமலை அட்டெண்டர், ஏழுமலை அட்டெண்டர்னு." நோயாளிக்குத் துணையாக இருப்பவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அக்காவிடம் போனில் சொன்னது: கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அன்றும் அழவில்லை, இன்றுவரை அழவில்லை. அந்தப் பெயரை எடுத்தாலே, நான் கேட்காத அந்த மூன்று தடவைதான் காதில் விழுகிறது. குழந்தையைப் பார்த்தால் பிரியம் வர வேண்டும். மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

தடுப்பூசி. டோக்கன் 31. புழுக்கம். ஃபேன் ஓடவில்லை, கெபாசிட்டர் போயிருக்கும்.

இதுவரை கார்டில் "திவ்யா பேபி" என்றுதான் இருந்தது. போனதும் சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் கொடுத்தோம், பெயரை மாற்றி எழுதிக்கொண்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன். என்ன மாற்றினார்கள் என்பதையே மறந்துவிட்டேன். செருப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் கதவிலிருந்து தலையை நீட்டி: "ஏளுமலே! ஏளுமலே யாரு?"

"இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!"

கத்தியது நான்தான். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த டோக்கன், ஃபைல், குடை எல்லாம் கீழே. வரிசையே சிரித்தது. "ஊசி உங்களுக்கு இல்ல சார், பாப்பாவுக்கு" என்றார் நர்ஸ்.

ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். "ஏன் அப்படிக் கத்துனீங்க?" என்று தி. கேட்டாள். சொல்லிவிட்டேன், லிஃப்ட், கேட், மூன்று தடவை, எல்லாம். கடைசியில்: "ஓசூர் பஸ் சந்தாபுரா வழியாத்தான போகுது. எறங்கி அண்ணிகிட்டயும் சொல்லிடுங்க."

ஆட்டோவில் வரும்போது: "எனக்கு சின்னு போதும். பில்டிங்கே அப்படித்தான் கூப்பிடுது. நீங்க என்ன கூப்பிடணுமோ நீங்களே முடிவு பண்ணுங்க."

இரவு குழந்தைக்கு லேசான காய்ச்சல். சொட்டு மருந்து இரண்டு வேளை.

ஜூலை 20, ஞாயிறு

தூறல். காய்ச்சல் இல்லை. இரண்டு பை, ஒரு வாளி, தொட்டில் சேலை. பதினொன்றுக்கு சந்தாபுரா.

அக்கா காபி போட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். கையைப் பிடிக்கவில்லை, கேட்டில் போனில் இருந்தேன். அவ்வளவுதான். இரண்டு வரி.

அக்கா திரும்பவில்லை. டம்ளரில் காபியை ஊற்றி முடித்தாள்.

"தெரியும்டா."

"எப்படி?"

"அந்த நேரத்துல உனக்கு நாலு தடவ போன் போட்டேன். நாலு தடவயும் பிஸி."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் அப்படிச் சொன்ன?"

"நான் சொல்லலன்னா வேற எவனாவது வேற மாதிரி சொல்லுவான்." டம்ளரை என் கையில் கொடுத்தாள். "குடி. ஆறிடும்."

குடித்தேன். மூக்கு ஒழுகியது. துடைத்தேன், நிற்கவில்லை. அக்கா கூடத்துக்குப் போய் நைனாவிடம் பால் குடித்தீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாப் வரை வந்தாள், குழந்தை அவள் தோளில். ஓசூர் பஸ் திரும்பியது. பைகளைத் தி.யிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

"வா ஏழுமலை. பஸ் வந்துடுச்சு."