மடை மூலை மண்

என் மூத்த பேத்திக்கு, பாட்டி தன் கையாலேயே எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்துகொண்டிருக்க வேண்டும்.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சித்தப்பாவின் பெரியவன் சொந்த வீடு கட்டுகிறான். சுவர் எழும்பி ஜன்னல் சட்டமும் வைத்தாகிவிட்டது. சின்னவன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தான். அதைத் தினமும் உன் சித்தி துடைக்கிற துடைப்பில் முலாம் போய்விடும் போலிருக்கிறது. உன் அத்தை மகள் பேருந்து ஓட்டுகிறாள். ஒரு நாள் நான் ஏறி அவளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, இது என் பேத்தி ஓட்டுகிற வண்டி என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா இறங்கும் வரைக்கும் கம்பியை விடவே இல்லை. உன் தங்கைக்கு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலை நிரந்தரமாகிவிட்டது. ஊசி குத்தினால் வலிப்பதே இல்லை என்று நோயாளிகள் சொல்கிறார்களாம். அவள் வாயால் குத்துவது அவர்களுக்குத் தெரியாது.

இவர்கள் எல்லாருக்கும் மேலே நீ. மருந்துக்கடையில் வரிசையில் நிற்கும்போது, என் பேத்தி வெளிநாட்டில் மண்ணைப் படிக்கிறாள் என்று நானாகவே ஆரம்பிப்பேன். மண்ணுல படிக்க என்ன இருக்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிறகு விடமாட்டேன். நம் வயலில் மடை ஓரத்து மூலையில் மட்டும் உரம் போடாமலே நெல் கரும்பச்சையாக நின்றதையும், நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி அந்த வேரைப் பிடுங்கி வந்ததையும் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேரில் குடியிருக்கு பாட்டி, வேர் குடுக்கிற இனிப்பைத் தின்னுட்டு, காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு நெல்லுக்குக் குடுக்குது, வாடகை மாதிரி என்று நீ அடுப்படியில் நின்று சொன்னாயே, அதை அப்படியே ஒப்பிப்பேன். ஒழுங்காக வாடகை கொடுக்கிற குடித்தனக்காரர்கள் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்பேன். மருந்துக்கடைக்காரர் சிரிப்பார்.

இனி எழுத வந்த விஷயம். போனில் இதைப் பேச முடியாது. போன் உன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, பேசினாலும் கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துத்தான் பேசுகிறான். அதனால்தான் கடிதம். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், எழுத்து கோணிக்கொண்டு போனால் நீ நிமிர்த்திப் படித்துக்கொள்.

போன வாரம் நீ அவனிடம் பேசியதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் ஆய்வுக்கூடத்தில் குளிர்ப்பெட்டி கெட்டுப்போய், குப்பிகளில் வைத்திருந்த அந்த மடை மூலை உயிர்களெல்லாம் செத்துவிட்டன என்பது எனக்கு முன்பே தெரியும். உறை மோர் தீர்ந்துபோனால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்குகிற மாதிரி, மடை மூலையிலிருந்து ஒரு பிடி மண் அனுப்புங்க, மறுபடியும் எடுத்துக்கறேன் என்று கேட்டாய். உன் அப்பா அனுப்பினான். அதில் ஒன்றும் இல்லை என்றாய். இன்னொரு முறை அனுப்பினான். அதிலும் இல்லை. இப்போது உன் பெரிய வாத்தியார், அப்படி ஒரு உயிர் முதலிலாவது இருந்ததா, இல்லை நீயாக எழுதிக்கொண்டாயா என்று கேட்கிறாராம். மறுபடி எடுத்துக் காட்டாவிட்டால் படிப்பை நிறுத்தி அனுப்பிவிடுவார்களாம்.

அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். கடைசியில் ஒன்று சொன்னாய் பார். நான்தான் தப்பாப் பாத்துட்டேன் போலப்பா, இல்லாததை இருக்குன்னு நெனச்சுட்டேன் போல என்றாய். உன் அப்பா உடனே, சிக்னல் சரியில்லம்மா என்று வைத்துவிட்டான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கண்ணு, நீ தப்பாகப் பார்க்கவில்லை. அது இருந்தது. நீ கேட்கிற மண்தான் இப்போது இல்லை.

நீ போன மறு வருடம் வாய்க்காலை ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். தண்ணீர் கீழே போய்விட்டது, நம் வயல் மேடாகிவிட்டது. மடையைத் திறந்தால் தண்ணீர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த நேரத்தில்தான் செங்கல் சூளைக்காரர் வந்தார். அண்ணே, மேட்டை நாங்களே வழிச்சு எடுத்துக்கறோம், வயல் எறங்கிடும், தண்ணி தானா ஓடி வரும், உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல என்றார். பக்கத்தில் ஒருவர் அப்படிச் செய்து தண்ணீர் வந்ததை உன் அப்பா நேரிலேயே பார்த்திருந்தான். சரி என்றுவிட்டான். எந்திரம் வந்தது, லாரி வந்தது. முழங்கால் ஆழத்துக்கு மேல்மண் மொத்தமும் போயிற்று, மடை மூலையும் சேர்த்து. அடியில் மஞ்சளாக ஒரு கட்டி மண், மண்வெட்டி பட்டால் கல்லில் பட்ட மாதிரி கை அதிரும். சூளைக்காரர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் வந்தது, வந்து நின்றது. நெல்தான் வரவில்லை. நட்ட நாற்று மஞ்சளாகவே இருந்து, மஞ்சளாகவே சாய்ந்தது. அடுத்த போகமும் அப்படித்தான்.

வயலின் உயரத்தைத்தான் அவன் பார்த்தான். உன் உயிர்கள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன என்பது அவனுக்கு நீ மண் கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டாம். வரப்பின் அடியில் சுரண்டி அனுப்பினான். இரண்டாம் முறை யாரோ ஒருவர் வயலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தான். நெல்லு வெளையிற மண்ணுதானேம்மா, இதுலயும் அந்த மாதிரி எதாச்சும் இருக்கும், புள்ள தேடி எடுத்துக்குவா என்றான். உன்னிடம் சொல்லிவிடலாமே என்றேன். தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவா, வேணாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இப்போது சொல்லாமலே உன் படிப்பு போகிறது.

உன்னிடம் கோள் சொல்வதாக நினைக்காதே. அவன் காலையில் எங்கே போகிறான் என்று உனக்குச் சொன்னானா? வயலுக்கு இல்லை. அந்தச் சூளைக்குத்தான். செங்கல் அச்சில் மண் அறைகிறான்.

இந்தக் கடிதத்தை உன் வாத்தியாரிடம் காட்டு. அவர் பாஷையில் ஒரு வரி விடாமல் படித்துச் சொல். நம் குடும்பத்தில் பொய் சொன்னவன் உன் சித்தப்பா ஒருவன்தான், அதுவும் பள்ளிக்கூட மார்க்கில் மட்டும்தான் என்று நான் சொன்னதாகச் சொல். நீ ஒரு வேரை வைத்துக்கொண்டு சோற்றை மறந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இல்லாததற்கு யாரும் அப்படி உட்கார மாட்டார்கள்.

கிழவியின் கடிதம் அங்கே எடுபடுமா என்பாய். எடுபடாது என்றுதான் எனக்கும் படுகிறது. மண்ணைக் காட்டு என்பார். காட்ட என்ன இருக்கிறது? இதோடு நிறுத்துகிறேன், விளக்கு வைக்கிற நேரம், கண் பூக்கிறது.

மறுநாள் எழுதுவது. காலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு நானே சூளைக்குப் போனேன். நம் மண் ஏதாவது ஒரு ஓரத்தில் மிச்சம் கிடக்காதா என்று ஒரு நப்பாசை. மேஸ்திரி, எந்த மண்ணு பாட்டி என்றார். நெல்லு வயல் மண்ணு என்றேன். இங்க இருக்கிற எல்லாமே நெல்லு வயல் மண்ணுதான் பாட்டி என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. இன்னார் வயல், மடை ஓரத்து மண் என்று விவரம் சொன்னேன். அது எப்பவோ வெந்து வண்டி ஏறிடுச்சே என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெந்த கல்லுக்குள்ளே ஏதாவது உயிர் ஒட்டிக்கொண்டிருக்குமா தம்பி என்று கேட்டுவிட்டேன். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. நிழல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க என்றார்.

அச்சு வரிசையிலிருந்து உன் அப்பா என்னைப் பார்த்துவிட்டான். மண் கையோடு வந்து பக்கத்தில் நின்றான். நீ யாருக்கு எழுதிட்டிருக்கேன்னு தெரியும்மா, நேத்தே பாத்தேன் என்றான். நிறுத்தச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். எழுதிடும்மா, எனக்கு வாயில வரல என்றான். பிறகு வெறும் டப்பாவை வாங்கி, அழுக்கே இல்லாத அதைக் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி என் கையில் கொடுத்தான்.

திரும்பும் வழியில் சித்தப்பாவின் பெரியவன் புது வீட்டுக்குக் கூப்பிட்டான். பூசாத சுவர். நம்ம சூளைக் கல்லுதான் பாட்டி, தட்டினா மணி மாதிரி சத்தம் வரும் என்று தட்டிக் காட்டினான். சத்தம் நன்றாகத்தான் வந்தது. நானும் கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. அவனுக்கு ஒன்றும் தெரியாது, சந்தோஷமாக இருக்கிறான். நீயும் சொல்லிவிடாதே.

வந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வந்தால் உன்னை எந்த மூலைக்குக் கூட்டிப்போவேன் என்று தெரியாமல் வைத்துவிட்டேன். உன் அப்பாவைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு. ஆனால் பேசு. திட்டுக் கேட்டால் அவன் இன்னும் கொஞ்சம் நிமிர்வான்.

உன்னோடு தங்கியிருக்கிற பெண் உன் தங்கைக்கு ஏதோ செய்தி அனுப்பினாளாம். நீ அறைக் கதவைத் திறப்பதில்லை, அவள் வைக்கிற தட்டு வெளியிலேயே கிடக்கிறது என்று. உன் தங்கை என்னிடம் வேறு எதையோ சொல்லி மழுப்பினாள், ஆனால் அவள் முகம் மழுப்பவில்லை. கதவைத் திற, கண்ணு. உயிரே இல்லை என்று உன் வாத்தியார் சொன்னது குப்பியைப் பற்றி. உன்னைப் பற்றி இல்லை.

நீ எங்கே இருந்தாலும், என்ன படித்தாலும், ஒன்றுமே படிக்காவிட்டாலும், நல்லபடியாக நீண்ட நாள் இரு. எனக்கு ஒரே ஒரு காரியம் செய். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, எனக்குக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை அங்கி வேண்டாம், குப்பிகளும் வேண்டாம். வெளியே வெளிச்சத்தில் நின்று எடு. சிரிக்கவும் வேண்டாம். பின்பக்கத்தில், எடுத்த தேதியை உன் கையாலேயே எழுதி அனுப்பு.

உன் பாட்டி