குடும்ப சாட்சி

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை
4.6.2024

அன்புள்ள தம்பி செழியனுக்கு அக்கா எழுதுவது. நந்தினி சுகமா? போனில் பேசினால் நீ நடுவிலேயே ஜெபம் பண்ணி முடித்துவிடுகிறாய், என்னைப் பதில் சொல்ல விடுவதில்லை. அதனால்தான் கடிதம்.

மார்ச்சில் ஓவியா மாத்திரைகளை விழுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் ஒருவனுக்குத்தான் போன் செய்தேன். என் மகளுக்காக ஜெபம் பண்ணுவாய் என்று நம்பித்தான் சொன்னேன். நீ அதை யூடியூப் பிரசங்கத்தில் வைத்துவிட்டாய். செல்போன் கலாச்சாரத்தில் கெட்டுப்போகும் பிள்ளைகளுக்கு என் மகள் உதாரணம். பேர் சொல்லவில்லைதான். ‘ரமணாசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் விதவைச் சகோதரி’ என்றாய். இந்த ரோட்டில் அப்படி ஒரு கிறிஸ்தவ விதவை நான் மட்டும்தான்.

பால் பூத்தில் ஆதிலட்சுமி, “நம்ம ஓவியாவாக்கா அது? பார்த்துட்டு அழுதுட்டேன்” என்றாள். ஓவியா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அன்றோடு கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். “மாமாகிட்ட ஏம்மா சொன்ன?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

மத்தேயு பதினெட்டில் ஆண்டவர் சொன்ன முறைப்படி முதலில் உன்னிடமே தனியாகச் சொல்கிறேன். வீடியோவை எடுத்துவிடு. செய்தது தப்பு என்று ஓவியாவுக்கு உன் கையால் எழுது.

உன் அக்கா,
மணிமொழி

அம்பத்தூர்
15.6.2024

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதத்தை அவர் பாதத்தில் வைத்து ஜெபித்தேன். உன் வேதனை புரிகிறது. ஆனால் அந்தச் செய்தியை இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மகனோடு உட்கார்ந்து பேசினேன் என்று ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார். ஓவியா பட்ட பாடு வீண்போகவில்லை என்று எடுத்துக்கொள். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னதும் அதே பதினெட்டாம் அதிகாரம்தான், அக்கா.

ஜூலை 7 ஞாயிறு என்னைப் போதகராகப் பிரதிஷ்டை பண்ணுகிறார்கள். இவன் தன் வீட்டை நன்றாக நடத்துகிறவன் என்று கூடப் பிறந்தவர்களோ பெற்றவர்களோ எழுந்து சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். அப்பா அம்மா இல்லை. இனி எனக்கு நீதான். என் எட்டு வருஷ ஊழியம் அந்த ஒரு சாட்சியில்தான் நிற்கிறது. கட்டாயம் வந்துவிடு.

உன் தம்பி,
செழியன்

திருவண்ணாமலை
22.6.2024

தம்பிக்கு,

நீ சொன்னதால் அதிகாரம் முழுவதையும் மறுபடி வாசித்தேன். தனியாகச் சொல்லிக் கேட்காதவனிடம் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறது. கூட்டிவந்தால் ஓவியா கதை இன்னும் இரண்டு பேருக்குத் தெரிந்துவிடும். அதனால் அந்தப் படியைத் தாண்டிவிட்டேன். அதற்கு அடுத்தது சபை.

வருகிறேன். முன் வரிசையில் இடம் போட்டு வை. உன் கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்தாயே, அந்தப் பச்சைப் பட்டைத்தான் கட்டிக்கொண்டு வருவேன்.

மணிமொழி

அம்பத்தூர்
19.7.2024

அக்கா,

நீ வருகிறேன் என்றதும் சமாதானமாகிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். பேராயர் சாட்சி கேட்டதும் எழுந்து, “நான் இவன்கூடப் பொறந்தவ. சாட்சி சொல்ல மாட்டேன். ஏன்னு கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரதிஷ்டையை நிறுத்திவிட்டார்கள்.

பொம்பளை விவகாரம் என்று சபை வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. நந்தினி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். “அக்கா சும்மா சொல்ல மாட்டாங்களே” என்கிறாள். என் மனைவியே இப்படிக் கேட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? வீடியோவை எடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான் என்று பேராயருக்கு ஒரு வரி எழுதிப் போடு. இவர்கள் நினைப்பதைப் பார்த்தால் அது எவ்வளவு சின்ன விஷயம். எனக்காக ஜெபம் பண்ணு.

செழியன்

திருவண்ணாமலை
6.8.2024

செழியனுக்கு,

சின்ன விஷயம் என்றால் நீயே சொல்லேன். கேமரா இருக்கிறது, கேட்க ஜனம் இருக்கிறது. அக்கா நம்பிச் சொன்னதை எடுத்துப் பிரசங்கம் பண்ணிவிட்டேன் என்றால் போதும். என் மகள் பேச்சும் இந்த ரோடும் அதில் வரக் கூடாது. உன்னைப் பற்றி மட்டும் பேசு.

இரக்கப்பட்டு நான் காரணத்தை மறைக்கவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஓவியாவை மேடையில் ஏற்றினவள் ஆகியிருப்பேன். சொல்லாமல் விட்டால் உனக்கு என்ன ஆகும் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்துவிட்டேன். திரும்பும்போது திண்டிவனத்தில் இறங்கி டீ குடித்தேன். அவ்வளவு ருசியாக இருந்தது.

பழிவாங்குவது கர்த்தருடைய வேலை என்று எனக்கும் தெரியும். அவர் ஆற அமரச் செய்வார், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அதை அவர் என்னிடம் கேட்டுக்கொள்ளட்டும். முந்தாநாள் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மனசில் இதை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைக் கை நீட்டி வாங்க முடியவில்லை. எங்கள் சர்ச் ஐயர் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அப்பத்தை நீட்டினார்.

வீடியோவை எடுத்துவிட்டாய் என்று ஓவியாவிடம் சொன்னேன். “அதான் எல்லாரும் பார்த்துட்டாங்களே” என்றாள். இன்னும் கல்லூரிக்குப் போகவில்லை.

ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறாய். உன் பேரைச் சொல்லி முழங்கால் போட்டேன், செழியா. வாயில் வந்தது ஜெபம் இல்லை. எழுந்துவிட்டேன்.

இனி எழுதாதே.

மணிமொழி