பாலத்துக்குப் போகும் சாலை

மார்ச் 3
தலைமையகத்தில், தளபதியான அப்பாவை ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும். வாய்தவறி ‘அப்பா’ என்றால் அறையே சிரிக்கும். இன்று யாரும் சிரிக்கவில்லை. ஆற்றுப்பாலத்தைப் பிடிக்க, டாங்கிகள் அத்தனையையும் ஒரே சாலையில் திரட்டி, நாளை மறுநாள் விடிந்ததும் அனுப்பப் போகிறார். இளம் வயதில் அவர் ஜெயித்த போர் அப்படித்தான். “விரலை விரிச்சு அடிச்சா விரல்தான் உடையும். முஷ்டியா மடக்கி அடிக்கணும்” என்பது ராணுவக் கல்லூரியில் அவர் நடத்திய பாடம்.

முதல் டாங்கி என் கணவருடையது.

மார்ச் 4
ட்ரோன் படங்களைப் பார்ப்பது என் வேலை. நம் ட்ரோனையே பறக்கவிட்டு நம் டாங்கி வரிசையை அப்பாவுக்குக் காட்டினேன். ஒளிய ஒரு மறைவும் இல்லை. எதிரியின் தொழிற்சாலைகள் குண்டு சுமக்கும் ட்ரோன்களைப் பொட்டலம் போடுவதுபோலப் போட்டுத் தள்ளுகின்றன, நமக்கு ஒரு டாங்கி செய்யவே மாதக்கணக்கில் ஆகும் என்றேன். பொம்மை விமானத்துக்குப் பயந்து யுத்தம் நடத்த முடியுமா என்றார். பற்றிக்கொண்டு வந்தது. மருமகன் என்றுகூடவா தோன்றாது?

தோன்றியிருக்கும். அதனால்தான் முன்னால் நிறுத்துகிறார் — சொந்த மருமகனைக் காப்பாற்றினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

மார்ச் 5
முதல் டாங்கியை ட்ரோனால் அடித்தார்கள். பிறகு கடைசி டாங்கியை. நடுவில் இருந்தவை நகர வழியில்லை. ஒவ்வொன்றாக — எல்லாம் திரையில் என் கண்ணெதிரே. ஐயோ, எங்க இருக்கீங்க?

மார்ச் 6
உயிரோடு இருக்கிறார். இரண்டு கைகளும் வெந்துவிட்டன. அவருடைய ஓட்டுநர் வெளியே வரவில்லை. அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை இவர். “மாமா சாப்பிட்டாரா?” என்றார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 9
அப்பா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திரையைப் பார்த்தார். இது எவ்வளவு உயரம் போகும், புகைக்குள் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொறுமையாகச் சொன்னேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மார்ச் 12
அதே தாக்குதலை மறுபடி நடத்தச் சொன்னது மேலிடம். அப்பா முடியாது என்றார். டாங்கிகளைப் பிரித்து மறைக்க வேண்டும், முதலில் ட்ரோன்களை வீழ்த்த வழி பார்க்க வேண்டும் என்றார். சாயங்காலமே பதவி போயிற்று.

மார்ச் 14
புதுத் தளபதி வந்துவிட்டார். கல்லூரியில் அப்பாவிடம் படித்தவர். வரைபடத்தில் அதே சாலையைத் தொட்டுக் காட்டினார். மிச்சமிருக்கும் டாங்கிகள் நாளை கிளம்புகின்றன.

வீட்டுக்குப் போன் செய்து அப்பாவிடம் சொன்னேன்.

“நல்லா படிச்சவம்மா அவன். நான்தான் முதல் மார்க் போட்டேன்.”