கடுகுப் பை

போடிநாயக்கனூர்
17.02.2025

அன்பு மகள் மகிமாவுக்கு அம்மா எழுதுவது.

சமாதானம் உண்டாகட்டும் என்று சொல்லித் தொடங்குவது நம் வீட்டு வழக்கம். இன்றைக்கு என்னிடம் அது கொஞ்சம்தான் இருக்கிறது. இருப்பதை அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன், உன் அப்பா நடுவில் கிடந்து அல்லாடுவார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன்னைப் பார்க்க விமானம் ஏறக் கிளம்பிய நான், காய்ச்சல் வந்து திரும்பிவிட்டதாக அப்பா உன்னிடம் சொன்னாரே, அது பொய். சொல்லச் சொன்னது நான்தான். காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை.

எனக்கு வலது மார்பை எடுத்த பிறகு அந்த இடத்தில் வைக்க ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? போடி வெயிலுக்கு அது வேர்த்துக் கசகசவென்று ஒட்டிக்கொள்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே ஒன்று தைத்துக்கொண்டேன். வெள்ளைத் துணிப் பை, உள்ளே பஞ்சு, ஒரு பக்கம் தோள் இறங்காமல் இருக்கக் கனத்துக்குக் கடுகு. நம் உரக்கடையில் மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து தைத்தது. நன்றாகவே இருக்கிறது. எனக்கே பல நேரம் மறந்துபோகும்.

விமான நிலையத்தில், நீ பார்க்கிற அதே சோதனை வேலையைப் பார்க்கிற ஒரு பெண் என்னைத் தடவிப் பார்த்தாள். உன் வயதுதான் இருக்கும். ஒரு சின்னத் துணித் துண்டால் என் கையையும் சட்டையையும் துடைத்து மெஷினில் விட்டாள். மெஷின் கத்தியது. இன்னொரு தடவை துடைத்தாள். இன்னும் கத்தியது. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. திரை போட்ட மறைவுக்குள் கூட்டிப் போனாள். "ஆபரேஷன், ஆபரேஷன்" என்று சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. பையை எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அதை அவள் வெளியே கொண்டுபோனாள், மகிமா. செருப்பும் பெல்ட்டும் வைக்கிற தட்டில் வைத்து, எல்லோர் முன்னாலும் எக்ஸ்ரே மெஷினுக்குள் ஓடவிட்டாள். கடுகு மணி மணியாகத் தெரிந்திருக்கும் போல, ஒரு ஆண் அதிகாரி அதைக் கையில் தூக்கிப் பிடித்து, யாருடையது, யாருடையது என்று மூன்று பாஷையில் கேட்டார். திரை பாதிதான் மூடியிருந்தது. வரிசையில் யார் நின்றார்கள் தெரியுமா? நம் சபை எபனேசர், ஏலக்காய் கமிஷன் கடைக்காரர், அவர் மனைவியோடு. அந்த மனுஷன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தம்மா திருப்பவில்லை.

நான் சட்டையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கையை வைத்து மறைக்கவில்லை. "என்னோடது. குடுங்க" என்றேன். கொடுத்துவிட்டு, சரி, போகலாம் என்றார்கள். நான் போகவில்லை. புகார் எழுதத் தாள் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தாள் வருவதற்குள் விமானம் போய்விட்டது. எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

உனக்கு அவித்த பனங்கிழங்கை அப்பாவே தின்று தீர்த்தார்.

அம்மா
சாராள்

---

மகளிர் குடியிருப்பு, படை முகாம்
26.02.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இங்கே ஒரு அறைக்கு நான்கு பேர், அழ வேறு இடம் கிடையாது.

அந்தப் பெண் செய்தது தப்புதான். ஆனால் மெஷின் பொய் சொல்லவில்லை அம்மா. நீ நாள் முழுக்க நைட்ரேட் உரத்தை அள்ளி நிறுக்கிற கையோடு அந்தப் பையைத் தைத்திருக்கிறாய். வெடிமருந்திலும் அதே சரக்குதான். துணியில் அந்தத் தூசி துளி இருந்தாலும் எங்கள் மெஷின் கத்தும். அதற்கு மேல் உள்ளே மணி மணியாக ஏதோ இருக்கிறது. நீ என் அம்மா என்று தெரியாவிட்டால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். ஏம்மா, போடியில் இத்தனை இடம் இருக்க உனக்கு உரக்கடையில்தான் உட்கார்ந்து தைக்க வேண்டுமா?

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. புகாரில் "என் மகளும் இதே வேலையில்தான் இருக்கிறாள்" என்று என் பெயரையும் எழுதியிருக்கிறாய். பெருமைக்காக எழுதினாயோ, பயமுறுத்த எழுதினாயோ, தெரியவில்லை. என் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். மூன்று வருடமாகக் காத்திருக்கிற தெற்குப் பக்க மாற்றல் இப்போதுதான் மேலே போயிருக்கிறது. அவர் ஒன்றும் மிரட்டவில்லை. "வீட்டில் பேசிப் பாருங்கள்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

புகாரை வாபஸ் வாங்கிவிடு அம்மா. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடு இருக்கும்.

அன்புடன்
மகிமா

---

போடிநாயக்கனூர்
08.03.2025

அன்பு மகிமாவுக்கு,

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். பெருமைக்காகத்தான் எழுதினேன். அது உன் தலையில் விடியும் என்று தோன்றவில்லை. அது என் புத்திக்குறைவு.

வாபஸ் வாங்க மாட்டேன்.

நீ சொன்ன பிறகுதான் உரத் தூசி விஷயம் புரிந்தது. சரி, மெஷின் கத்தட்டும். கத்துவதுதான் அதன் வேலை. என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதும் சரி, தடவிப் பார்த்ததும் சரி, பையை எடுக்கச் சொன்னதும் சரி. அதை ஊருக்குக் காட்டியது எந்தப் பாதுகாப்புக்கு? அந்த அதிகாரி தூக்கிப் பிடித்ததால் எந்த விமானம் பிழைத்தது? நான் அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கேட்கவே இல்லை, புகாரை நீ வாங்கிப் படித்துப் பார். திரை முழுசாக மூட வேண்டும், உள்ளே எடுத்ததை உள்ளேயே சோதிக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன்.

இங்கே நடந்ததையும் கேள். எபனேசர் மனைவி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "என்னக்கா, ஏர்போர்ட்ல ஒங்கள ரொம்ப நேரம் வச்சிருந்தாகளாமே" என்று ஆரம்பித்தாள். வைத்திருந்ததைப் பார்த்தவளே அவள்தான். ஹார்லிக்ஸை வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்டார்கள். நான் எழுந்து நின்று, எனக்கு ஒரு மார்பு இல்லை, அந்த இடத்தில் கடுகுப் பை வைத்திருக்கிறேன், அதை இப்படி இப்படிச் செய்தார்கள், புகார் கொடுத்திருக்கிறேன், அதற்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பாஸ்டரம்மாவுக்குக் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. இனிமேல் பஜாரில் யாரும் கிசுகிசுக்கத் தேவையில்லை. நானே சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அதற்கு ரெண்டு நாள் கழித்து, மலையில் ஏலத் தோட்டத்தில் கங்காணி வேலை பார்க்கிற ராக்கம்மாள் பூச்சி மருந்து வாங்க வந்தவள், கடையில் ஆள் போகும்வரை மூட்டைக்குப் பின்னால் நின்றாள். "எனக்கும் எடுத்துட்டாக. துணியச் சுருட்டித்தேன் வச்சிருக்கேன். மகன் மஸ்கட்டுக்குக் கூப்புடுறான். இந்தச் சோதனைக்குப் பயந்து மாட்டேன்னுட்டேன். அவனுக்கு விசயம் தெரியாது" என்றாள். அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தேன். கை கழுவிவிட்டு.

உன் மாற்றல் எனக்கு வேண்டாமா என்ன? இந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நீ நிற்பதாகத்தான் நினைக்கிறேன். ஆனாலும் மாட்டேன்.

அம்மா

---

முகாம்
19.03.2025

அம்மா,

நீ எழுதுவதெல்லாம் வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். காலை ஐந்து மணி விமானத்துக்கு நிற்கிற கூட்டத்தை வந்து பார். எல்லோருக்கும் அவசரம், எல்லோருக்கும் என் மேல் எரிச்சல். தொட்டால் ஏன் தொட்டாய் என்பார்கள். தொடாமல் விட்டு ஒன்று நடந்தால் ஏன் தொடவில்லை என்று என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். நான் தினமும் எத்தனை பெண்களின் உடம்பைத் தொடுகிறேன் என்று நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? ராத்திரி சோறு பிசையும்போது இந்தக் கையை எனக்கே பிடிப்பதில்லை.

மாற்றல் எதற்குக் கேட்டேன்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை உன்னைச் செக்கப்புக்குக் கூட்டிப் போக. அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே மயங்கி விழுகிற ஆள். அந்த ரிசல்ட் கவரைப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. அதை நீயே கெடுக்கிறாய். உன் மானம் முக்கியம், உன் உயிர் முக்கியமில்லை, அப்படித்தானே?

இதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

மகிமா

---

போடிநாயக்கனூர்
31.03.2025

மகிமாவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். என் குணம் உனக்குத் தெரியாததா?

நீ எதற்காக மாற்றல் கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. அந்த வரியைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டேன். அப்பா, "அவ சொல்றதும் நாயந்தான, சாராளு" என்றார். நியாயம்தான். உன் கையைப் பற்றி நான் கேட்டதே இல்லை என்றதும் நிஜம். அந்தக் கையில் ஒரு தப்பும் இல்லை, ஆத்தா. ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டு மாற்றிய கை அது.

அந்த விமான நிலையத்திலிருந்து ஒருவர் போன் பண்ணினார். வாயால் மன்னிப்பு கேட்டார், புகாரை முடித்துக்கொள்ளலாமா என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

செக்கப்புக்கு நான் தனியாகப் போவேன். கவரையும் நானே பிரிப்பேன். பயமாகத்தான் இருக்கும். அதற்காக வாயை மூடிக்கொண்டு உயிரோடு இருக்க எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று. நீ நிற்கிற இடத்தில் அந்தத் திரை முழுசாக மூடுகிறதா? பதில் எழுத வேண்டாம். பார்த்து மட்டும் வை.

அம்மா

---

முகாம்
11.04.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மூடவில்லை.

ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. நான் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன், அதனால் கண்ணில் பட்டதே இல்லை. உள்ளே நிற்கிற பெண்ணுக்குத்தான் அது தெரியும். உன் கடிதம் வந்த அன்று நான் பயணி நிற்கிற இடத்தில் போய் நின்று பார்த்தேன். வரிசை முழுக்கத் தெரிந்தது.

திரையைச் சரிசெய்ய எழுதிக் கொடுத்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்றார்கள். போன செவ்வாய்க்கிழமை உன்னைப் போலவே ஆபரேஷன் ஆன ஒரு அம்மா வந்தார்கள். இடைவெளியில் நானே நின்று அடைத்துக்கொண்டேன். அவர்கள் வைத்திருந்ததை அங்கேயே துடைத்து, அந்தத் துணித் துண்டை மட்டும் வெளியே கொண்டுபோய் மெஷினில் விட்டேன். மெஷின் சும்மா இருந்தது. பொருள் வெளியே வரவே இல்லை. சோதனையில் ஒரு குறையும் இல்லை, வரிசைதான் கொஞ்சம் நின்றது. ஏன் நின்றது என்று விளக்கம் கேட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதி, இப்படியும் செய்யலாம், இதனால் பாதுகாப்பு குறையவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு பிரதியை உன் புகாரோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லி அந்த விமான நிலையத்துக்கும் அனுப்பிவிட்டேன். என் பெயரை நீ எழுதியதற்கு இப்போது ஒரு அர்த்தம் வந்துவிட்டது.

மாற்றல் இந்த வருடம் இல்லை. நேற்று தாள் வந்தது. வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி சாப்பிடவில்லை.

ஆனால் அந்த அம்மா போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

உன்
மகிமா

---

போடிநாயக்கனூர்
24.04.2025

என் மகிமாவுக்கு,

உன் கடிதத்தை அப்பாதான் முதலில் படித்தார். படித்துவிட்டு யூரியா வாங்க வந்த ஆளைக் காக்க வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஈஸ்டர் ஆராதனையில் பாட்டுப் பாடும்போதும் அதே கதைதான். எனக்கு மாற்றல் போனது வலிக்கிறது. அதை உனக்கு மறைக்க மாட்டேன். ஆனால் நீ அந்த இடைவெளியில் நின்றாய் பார், அதை நினைத்தால் நிமிர்ந்து நடக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து எழுத்தில் பதில் வந்துவிட்டது. "தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது." அவ்வளவுதான். திரையை மாற்றினார்களா, மாற்றவில்லையா, அதில் இல்லை. போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதனால் போகிறேன். மே இருபதாம் தேதிக்கு அதே இடத்திலிருந்து உன் ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. செக்கப்பும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தாள் எழுதிக் கொடுத்துவிட்டார். உனக்கு மாற்றல் வராவிட்டால் என்ன, கவர் உன்னிடம் வரும். பக்கத்தில் நின்று பிரி. ராக்கம்மாளும் மகனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நான் போய்வந்து சொல்கிறதைக் கேட்டு மஸ்கட்டுக்குக் கிளம்புவதாக இருக்கிறாள். ஆகவே நான் பார்த்து வர வேண்டியது எனக்காக மட்டும் இல்லை.

புதுத் துணியில், வீட்டில் உட்கார்ந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேறு பை தைத்திருக்கிறேன். மெஷினுக்கு நான் கொடுக்கிற மரியாதை அது. கடுகை மட்டும் எடுக்கவில்லை. என் தோள் நேராக இருக்க அது வேண்டும். கூப்பிடுவார்கள், போவேன். மறுபடி தட்டில் வைத்தால் மறுபடி அங்கேயே உட்கார்ந்து தாள் கேட்பேன். இந்தத் தடவை பேனாவும் கொண்டுபோகிறேன்.

திரும்பும்போது உன் வரிசையில்தான் நிற்பேன். அதற்கு என்ன விதி இருக்கிறதோ, நீயே விசாரித்து வை. அம்மாதானே என்று விட்டுவிடாதே. எல்லோரையும் போல என்னையும் தள்ளி நிற்கச் சொல். உள்ளே கூட்டிப் போ. பையை எடுக்கச் சொல்லி, நன்றாகத் துடைத்துப் பார்.

திரையை மட்டும் முழுசாக இழுத்து மூடு, மூடாத இடத்தில் நீ நில். மூடிய பிறகு அம்மா என்று கூப்பிடு.

சமாதானம் இன்றைக்கு நிறையவே இருக்கிறது. நேரில் கொண்டுவருகிறேன்.

அம்மா
சாராள்